செய்தியை ஆள்வோர்



ஒரு நாட்டை ஆள்பவர் யார் என்று வினவினால், பாராளுமன்றம் என்பார் சிலர்; படைவலி உடையோர் என்பார் சிலர்; பொருள்வலி உடையோரே என்று அடித்துக் கூறுவாரும் உளர். இம்மூன்று விடைகளிலும் உண்மை உண்டு. ஆயினும் இவற்றுள் அடங்காத நான்காவது வலிமை ஒன்றும் உண்டு. மக்கள் இன்று எதனைப் பற்றிப் பேசுதல் வேண்டும், எதனைப் பற்றிப் பேசாதிருத்தல் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வலிமையே அது. பத்திரிகையும் வானொலியும் தொலைக்காட்சியும் அவ்வலிமையின் கருவிகள். கருவி நம் கண்ணுக்குத் தெரிகின்றது. அதனை இயக்கும் கை தெரிவதில்லை. அந்தக் கை எத்தன்மையது, அதற்கு அத்துணை வலிமை எங்ஙனம் வந்தது, அதனை எவ்வாறு அளவுக்குள் நிறுத்தலாம் என்பனவே இவ்வுரையின் பொருள்.

முதலில் தொலைநாடு ஒன்றின் செய்தியை எடுத்துக்கொள்வோம். 1993 ஆம் ஆண்டில் இலண்டனிலுள்ள நான்காம் அலைவரிசைத் தொலைக்காட்சி ஒரு விவரணப் படத்தை ஒளிபரப்பியது. 'குடிமகன் கேனுக்கு அப்பால்' என்னும் பொருள்படும் பெயருடைய அப்படத்தை இயக்கியவர் சைமன் ஹார்ட்டொக் என்பவர். படம் ஒளியேறுமுன்னரே, 1992 இல், அவர் காலமாகிவிட்டார். 'குடிமகன் கேன்' என்பது 1941 இல் ஓர்சன் வெல்ஸ் உருவாக்கிய புகழ்பெற்ற கதைப்படம். அமெரிக்காவின் பத்திரிகை அதிபர் ஹேர்ஸ்ட் என்பாரை மனத்திற்கொண்டு எடுக்கப்பட்ட படம் அது. தம் பத்திரிகைகளில் அப்படத்தின் பெயரே வரலாகாது என ஹேர்ஸ்ட் தடுத்தார் என்பது வரலாறு. அவரையும் விஞ்சிய ஒருவர் பிரேசில் நாட்டில் இருக்கின்றார் என்பதே ஹார்ட்டொக் தம் படத்துக்கு இட்ட தலைப்பின் குறிப்பு.

அவ்வொருவர் ரொபேர்ட்டோ மரினோ. அவருடைய தந்தையார் 1925 இல் 'குளோபோ' என்னும் நாளிதழைத் தொடங்கினார். மைந்தர் அதனுடன் வானொலியைச் சேர்த்தார். 1965 இல் தொலைக்காட்சியையும் சேர்த்தார். அதற்கு முந்திய ஆண்டிலேதான் பிரேசிலின் ஆட்சியைப் படையினர் கைப்பற்றியிருந்தனர். இருபத்தோராண்டு நீடித்த அப்படையாட்சிக் காலத்திலேயே குளோபோவும் நாடெங்கும் கிளை பரப்பி வளர்ந்தது. எழுத்தறிவு குறைந்திருந்த அப்பெருநாட்டிலே கோடிக்கணக்கான மக்கள் இரவுதோறும் ஒரே செய்தியறிக்கையைப் பார்த்தனர். நாட்டில் என்ன நடந்தது என்பதற்கு அவ்வறிக்கை கூறியதே விடையாயிற்று.

அப்படம் எடுத்துக்காட்டிய நிகழ்ச்சிகளுள் இரண்டினை மாத்திரம் இங்கே கூறுவேன். 1984 ஜனவரி 25 ஆம் நாள், குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தெரிவு செய்தல் வேண்டுமெனக் கோரிச் சாவோ பவுலோ நகரின் பெருஞ்சதுக்கத்திலே இலட்சக்கணக்கானோர் திரண்டனர். அன்று அந்நகரின் 430 ஆவது ஆண்டு நிறைவு நாளுமாகும். இரவுச் செய்தியில் அறிவிப்பாளர் அக்கூட்டத்தை நகரின் ஆண்டு விழாவாகவே அறிமுகம் செய்தார். மக்களின் கோரிக்கை பற்றிய பேச்சு அதன் பின்னரே வந்தது. இங்கே பொய் சொல்லப்படவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். விழா நடந்தது உண்மை. கூட்டம் திரண்டதும் உண்மை. ஆனால் எது தலை, எது வால் என்னும் வரிசை மாற்றப்பட்டது. அம்மாற்றத்தினாலேயே ஒரு நாட்டின் உரிமைக்குரல் ஓர் ஊரின் கொண்டாட்டமாய்ச் சுருங்கிற்று.

இரண்டாவது நிகழ்ச்சி 1989 டிசெம்பர் மாதத்தில் நடந்தது. குடியரசுத் தலைவர் தேர்தலின் இறுதிச் சுற்றில் பெர்னாண்டோ கொல்லோரும் தொழிற்சங்கத் தலைவர் லூலாவும் போட்டியிட்டனர். இருவரும் நேருக்கு நேர் வாதிட்ட நிகழ்ச்சி நெடுநேரம் நடைபெற்றது. மறுநாள் செய்தியறிக்கையில் அதன் சுருக்கம் ஒளிபரப்பாயிற்று. அச்சுருக்கத்திலே கொல்லோரின் பேச்சுக்கு மிகுதியான நேரம் கிடைத்தது. அவர் சிறப்பாகப் பேசிய இடங்களும், லூலா தளர்ந்த இடங்களும் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன. சில நாட்களில் நடந்த வாக்கெடுப்பில் கொல்லோர் வென்றார். ஊழற் குற்றச்சாட்டுகளின் நடுவே 1992 இல் அவர் பதவி துறந்தமை வேறு கதை.

இப்படத்தை இலண்டனில் உள்ளோர் பார்த்தனர். பார்த்திருக்க வேண்டிய பிரேசில் மக்களோ எளிதிற் பார்க்க முடியவில்லை. 1994 இல் ரியோ நகரின் நவீன கலை அரும்பொருளகத்தில் அதனைக் காட்டுவதற்குச் செய்த ஏற்பாடு தடுக்கப்பட்டது. ஆயினும் ஒளிப்பதிவு நாடாக்களிற் படியெடுக்கப்பட்டுப் பல்கலைக்கழகங்களிலும் சங்கங்களிலும் அது கைமாறிச் சென்றது. 2009 இல் அதன் உரிமையை விலைகொடுத்து வாங்கியது குளோபோவின் போட்டி நிறுவனமான ரெக்கோர்ட் தொலைக்காட்சி. உண்மையை நாட்டவர்க்கு உணர்த்தும் ஆர்வம் மட்டுமே அதற்குக் காரணமெனக் கொள்ளுதல் அறியாமையாகும். ஓர் ஊடக வல்லாளனை அடக்க மற்றோர் ஊடக வல்லாளன் அப்படத்தை ஆயுதமாகக் கைக்கொண்டான் என்பதே பொருந்தும். இன்னுமொன்று குறிப்பிடத்தக்கது. 1964 ஆம் ஆண்டின் படைப்புரட்சிக்குத் தாம் ஆதரவளித்தமை தவறென்று குளோபோ நாளிதழ் 2013 இல் ஒப்புக்கொண்டது. அதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

நேயர்களே, பிறர் வீட்டுக் கூரையின் ஓட்டையைக் காட்டுவது எளிது. நம் வீட்டுக் கூரையையும் அண்ணாந்து பார்த்தல் வேண்டும் அல்லவா? ஒரு குடும்பத்தின் கையில் நாட்டின் பேச்சு அடங்கிவிடுமோ என்னும் அச்சம், பிரேசில் பற்றிய அப்படம் தோன்றுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே இலங்கையில் எழுந்தது. அவ்வச்சத்தின் பொருட்டு ஓர் அரசாங்கமே கவிழ்ந்தது. அது கொழும்பிலே பேர வாவியின் அருகில் அமைந்த லேக் ஹவுஸ் நிறுவனத்தின் கதை.

டி. ஆர். விஜேவர்த்தன கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் கற்றுப் பரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். 1914 இல் 'தினமின' என்னும் சிங்கள நாளிதழை வாங்கினார். 1918 ஜனவரி 3 ஆம் நாள் 'சிலோன் டெய்லி நியூஸ்' ஆங்கில நாளிதழை வெளியிட்டார். 1834 இல் தோன்றிய பழம்பெரும் 'ஒப்சேவர்' பத்திரிகையையும் 1923 இல் தமதாக்கினார். 1932 மார்ச் 15 ஆம் நாள் தமிழ் மக்களுக்கெனத் 'தினகரன்' உதயமாயிற்று. இவ்வண்ணம் மும்மொழிகளிலும் ஒரே கூரையின் கீழிருந்து பத்திரிகைகள் வெளிவந்தன. அவருடைய முயற்சியையும் திறமையையும் குறைத்துரைப்பது நன்றியன்று. பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் இந்நாட்டவரின் அரசியல் உரிமைக்கு அவருடைய பத்திரிகைகள் குரல் கொடுத்தன. தினகரன் இல்லையேல் தமிழ் எழுத்தாளர் பலர் உலகறிய வந்திரார். பேராசிரியர் கைலாசபதி அதன் ஆசிரியராய் இருந்த காலத்தில் ஈழத்து இலக்கியம் பெற்ற ஊக்கத்தை இலக்கிய வரலாறு கற்போர் அறிவர்.

எனினும் வலிமை பெருகுமிடத்தில் ஐயமும் பெருகும். 1950 இல் விஜேவர்த்தன காலமானபின் நிறுவனத்தின் பொறுப்பை அவருடைய மருமகர் எஸ்மண்ட் விக்கிரமசிங்க ஏற்றார். லேக் ஹவுஸ் பத்திரிகைகள் ஐக்கிய தேசியக் கட்சியின் பக்கம் சாய்கின்றன என்னும் குற்றச்சாட்டு ஓங்கியது. 1956 ஆம் ஆண்டுத் தேர்தலில் அப்பத்திரிகைகளின் எதிர்ப்புக்கு நடுவே எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க பெருவெற்றி பெற்றார். பிரேசிலிலும் 1989 இல் தோற்ற லூலா 2002 இல் வென்றார். இவ்விரண்டும் நமக்கு உணர்த்துவது ஒன்று. ஊடகத்தின் வலிமை பெரிது. ஆனால் அது வரம்பற்றதன்று. வயிறும் வாழ்வும் அறிந்துகொண்ட உண்மையை அச்செழுத்து நெடுநாள் மறைக்க இயலாது.

1964 இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான கூட்டரசாங்கம் லேக் ஹவுஸ் நிறுவனத்தை அரசின் வசமாக்கச் சட்டம் இயற்ற முனைந்தது. நாடு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. ஒரு குடும்பம் மூன்று மொழி மக்களின் சிந்தனையையும் வழிநடத்துவது குடியாட்சிக்கு ஒவ்வாது என்றனர் ஒரு சாரார். குடும்பத்தின் கையிலிருந்து பறித்து அரசின் கையிற் கொடுத்தால், குறைகூறும் வாயையே ஆள்வோர் பூட்டிவிடுவர் என்றனர் மற்றொரு சாரார். 1964 டிசெம்பர் 3 ஆம் நாள் அரியாசன உரை மீதான வாக்கெடுப்பு நடந்தது. சபை முதல்வராயிருந்த சி. பி. டி சில்வா தம் அணியினரோடு எதிர்ப்பக்கம் சென்றமர்ந்தார். 74 வாக்குகளுக்கு 73 என்னும் கணக்கில், ஒரேயொரு வாக்கினால் அரசாங்கம் தோற்றது. 1965 மார்ச் மாதத் தேர்தலில் ஆட்சியும் மாறிற்று.

1970 இல் ஸ்ரீமாவோ அம்மையார் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். 1973 இல் இரு சட்டங்கள் நிறைவேறின. பத்திரிகைப் பேரவையை அமைத்த சட்டம் ஒன்று. அமைச்சரவையின் நடவடிக்கைகளை அங்கீகாரமின்றி வெளியிடுவதனை அது குற்றமாக்கிற்று. லேக் ஹவுஸ் பங்குகளில் 75 சதவீதத்தைப் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்த சட்டம் மற்றையது. உடைமையைப் பரவலாக்குவதே நோக்கமெனக் கூறப்பட்டது. ஒரு வீட்டார் கையிலிருந்து பலர் கைக்குப் பங்குகள் செல்லும் என்பதே அதன் பொருள். சொல் அழகியது, செயல் பின்தொடரவில்லை. பங்குகள் பொதுமக்களிடம் சென்று சேரவில்லை. ஆட்சிபீடத்தில் இருந்தோரின் செல்வாக்கிலேயே தங்கின.

இக்கதையின் ஆழ்ந்த பாடம் இனித்தான் வருகின்றது. அச்சட்டத்தை மிகக் கடுமையாக எதிர்த்த கட்சி ஐக்கிய தேசியக் கட்சி. 1977 இல் அக்கட்சியே பெரும்பான்மை பெற்று ஆட்சியேறியது. தலைவராய் வந்த ஜே. ஆர். ஜயவர்த்தன, லேக் ஹவுஸைத் தோற்றுவித்த விஜேவர்த்தனவின் உடன்பிறந்தாளின் மைந்தர். எனினும் நிறுவனம் விடுவிக்கப்படவில்லை. விஜேவர்த்தனவின் மகள் வயிற்றுப் பேரர் ரணில் விக்கிரமசிங்க பலமுறை பிரதமரானார். 2022 முதல் 2024 வரை சனாதிபதியாகவும் இருந்தார். அப்போதும் அது விடுவிக்கப்படவில்லை. எதிரணியில் இருக்கும்போது கசந்த மருந்து, ஆளும் அணிக்கு வந்ததும் இனித்துவிடுகின்றது. கட்சிகள் மாறின, கொடிகளின் நிறங்கள் மாறின, பூட்டின் சாவி மாத்திரம் ஆட்சியாளரின் மடியிலேயே இருந்துவந்தது. ஆகவே இது ஒருவருடைய தீய குணத்தினால் விளைந்த கேடன்று. அமைப்பே அத்தகையது. வலிமையைத் தானாக விட்டுக்கொடுத்த கை உலகிற் குறைவு.

இதே காலப்பகுதியிற் பிறிதொரு பத்திரிகைக் குழுமத்துக்கு நேர்ந்ததையும் நினைவுகூர்தல் தகும். 'தவச' குழுமம் எனப்பட்ட இன்டிபென்டன்ட் நியூஸ்பேப்பர்ஸ் நிறுவனம் 1974 ஏப்ரிலில் அவசரகால விதிகளின் கீழ் மூடி முத்திரையிடப்பட்டது. அதன் தமிழ் நாளிதழான 'தினபதி'யும் வார இதழான 'சிந்தாமணி'யும் நின்றன. அவற்றின் ஆசிரியர் எஸ். டி. சிவநாயகம் நம் மட்டக்களப்பு மண்ணின் மைந்தர். 1977 இலேயே அவை மீண்டும் வெளிவந்தன. கொழும்பிலே ஒரு கதவில் இடப்பட்ட முத்திரை, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள கிராமத்து வாசிகசாலையின் மேசையை வெறுமையாக்கிற்று.

இனி வானலைகளின் பக்கம் திரும்புவோம். கொழும்பு வானொலி 1925 டிசெம்பரில் ஒலிக்கத் தொடங்கியது. 1967 இல் அது கூட்டுத்தாபனமாயிற்று. அதன் தமிழ் ஒலிபரப்பைத் தென்னிந்தியத் தமிழரும் விரும்பிக் கேட்ட காலம் ஒன்றிருந்தது. தொலைக்காட்சி 1979 ஏப்ரிலில் தனியார் முயற்சியாகத் தொடங்கி, சில வாரங்களிலேயே அரசின் கைக்கு மாறியது. 1982 பெப்ரவரியில் ரூபவாகினி பிறந்தது. 1990களிலே தனியார் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் வாயில் திறந்தது. 1998 இல் 'சக்தி' தமிழ் நேயர்களைத் தேடி வந்தது.

பத்திரிகைக்கும் வானொலிக்கும் ஓர் அடிப்படை வேற்றுமை உண்டு. தாளும் மையும் அச்சுப்பொறியும் வாங்க வல்லவர் எவரும் பத்திரிகை தொடங்கலாம். வானலை அத்தகையதன்று. அலைவரிசைகள் எண்ணிக்கையில் அடங்குவன. ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் எவர் பேச்சும் கேளாது. ஆகவே யாரேனும் பங்கிட்டு உரிமம் வழங்குதல் இன்றியமையாதது. அவ்வாறு வழங்குவோர் தமக்கு வேண்டியவர்க்கே வழங்கினால், உரிமமே கைவிலங்காகிவிடும். 1997 இல் ஒலிபரப்பு அதிகாரசபை ஒன்றை அமைப்பதற்கான சட்டமூலம் கொண்டுவரப்பட்டபோது, உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு ஒவ்வாதது எனத் தீர்ப்பளித்தது. அலைவரிசைகள் மக்களின் பொதுச் சொத்து என்றும், அவற்றை ஒழுங்குபடுத்தும் சபை ஆட்சியாளரின் பிடிக்கு அகப்படாததாய் இருத்தல் வேண்டும் என்றும் அத்தீர்ப்பு உணர்த்தியது. குளத்து நீரைப் பங்கிடும் வட்டவிதானை தன் உறவினர் வயலுக்கே மடை திறத்தல் ஆகாது என்பது நம் வேளாளர்க்குத் தெரிந்த நீதி. வானலைக்கும் அதுவே நீதி.

அதனினும் நேயர்களாகிய நமக்கு நெருக்கமான மற்றொரு தீர்ப்பு உண்டு. 1995 பெப்ரவரியில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்று திடீரென நிறுத்தப்பட்டது. அந்நிகழ்ச்சியை ஒழுங்காகக் கேட்டு, அதிற் பங்குகொண்டும் வந்த நேயர் ஒருவர் உயர் நீதிமன்றத்தை நாடினார். அவர் நிலையத்தின் உடைமையாளர் அல்லர், ஊழியரும் அல்லர். வெறும் நேயர். 1996 இல் வழங்கிய தீர்ப்பில், தக்க காரணமின்றி நிகழ்ச்சியை நிறுத்தியதனால் பங்குகொள்ளும் நேயர் என்ற வகையில் அவருடைய பேச்சுரிமையும் கருத்துரிமையும் மீறப்பட்டன என நீதிமன்றம் கூறியது. வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருப்பவருக்கும் உரிமை உண்டு என்பதனை இத்தீர்ப்பு நிலைநாட்டிற்று. கேட்பவன் வெறும் பாத்திரம் அல்லன். அவனும் உரையாடலின் ஒரு பங்காளன்.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், செய்தியை ஆளும் வழிகள் ஐந்தெனலாம். முதலாவது உடைமை: பத்திரிகை எவருடையதோ அவருடைய விருப்பம் ஆசிரியரின் மேசைவரை வரும். இரண்டாவது உரிமம்: கொடுப்பவருக்குத் திரும்பப் பெறவும் இயலும். மூன்றாவது விளம்பரம்: விற்பனைப் பணத்தினால் மட்டும் பத்திரிகை வாழ்வதில்லை, விளம்பரம் தருபவர், அரசாங்கமாயினும் வணிகராயினும், வாய் திறவாமலே கட்டளையிட வல்லவர். நான்காவது தெரிவு: எது முதற்பக்கம், எது மூலை, எது குப்பைக்கூடை என்னும் தீர்ப்பு. ஐந்தாவது அச்சம். இவ்வைந்தாவது பற்றி மட்டக்களப்பார் பிறர் சொல்லிக் கேட்க வேண்டுவதில்லை. 2004 மே 31 ஆம் நாள் ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் மட்டக்களப்பு நகரிலே சுட்டுக்கொல்லப்பட்டார். 2005 ஏப்ரில் மாத இறுதியில், இம்மாவட்டத்திற் பிறந்த தராக்கி சிவராம் கொழும்பிற் கடத்திக் கொல்லப்பட்டார். 2009 ஜனவரி 8 ஆம் நாள் லசந்த விக்கிரமதுங்க கொலையுண்டார். ஒரு பேனா வீழ்த்தப்படும்போது, வீழாத பேனாக்களும் தலைப்பை மாற்றிக்கொள்கின்றன. அங்ஙனம் எழுதப்படாமற் போன செய்திகளின் கணக்கை எவரும் எடுத்திலர்.

இவ்வைந்தனுள் நான்காவதான தெரிவே நாள்தோறும் நிகழ்வது, ஓசையின்றி நிகழ்வது. அதனை விளக்க அயலிலேயே ஓர் உதாரணம் உண்டு. சித்தாண்டியும் அதன் சூழலிலுள்ள ஊர்களும் நெல்லையும் கால்நடையையும் நம்பி வாழ்வன. இங்குள்ள பண்ணையாளர் பலர் தம் மாடுகளை மயிலத்தமடு, மாதவனைப் பகுதிகளில் மேய்ப்பவர். அம்மேய்ச்சற் தரைகளில் வெளியார் பயிர்ச்செய்கை செய்வதை எதிர்த்து 2023 செப்டெம்பர் முதல் அவர்கள் சித்தாண்டி வீதியோரத்திலே தொடர் அறப்போராட்டம் நடத்தினர். பாற்காரருக்கு இது வாழ்வா வறுமையா என்னும் வினா. ஆனால் இந்நாட்டின் தென்பகுதியில் வாழும் சிங்கள விவசாயி ஒருவர் இதனை எவ்வாறு அறிகின்றார்? தம் மொழிப் பத்திரிகை எத்துணைச் சொற்களில், எந்தப் பக்கத்தில், எந்தத் தலைப்பின் கீழ்த் தந்ததோ, அத்துணையே அறிவார். அவ்வாறே அங்குள்ள விவசாயியின் துயரை நாம் அறிவதும் நம் மொழிப் பத்திரிகை தந்த அளவிலேயே. ஒரே நாட்டில், ஒரே நாளில், இரு மொழியார் இருவேறு நாடுகளிலே வாழ்வது போலாகிவிடுகின்றது. இதற்கு எவரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமல் விடுதலே போதும்.

ஆகவே உயர்வகுப்பு மாணாக்கர்க்கு எளிய பயிற்சி ஒன்றினைக் கொடுத்தல் நலம் என ஆசிரியப் பெருமக்களுக்குப் பரிந்துரைப்பேன். ஒரு நிகழ்ச்சியைத் தெரிந்துகொள்க. அரசுசார் பத்திரிகை ஒன்றிலும், தனியார் பத்திரிகை ஒன்றிலும், இயலுமாயின் சிங்களப் பத்திரிகை ஒன்றிலும் அது வந்துள்ள விதத்தை அருகருகே ஒட்டுக. நான்கு வினாக்களை எழுப்புக. யார் பேசுகின்றார்? யார் பேசவேண்டியவராயிருந்தும் பேசவில்லை? தலைப்பும் செய்தியும் ஒன்றையே கூறுகின்றனவா? இதனை வெளியிடுபவர் யார், அவருக்கு இதனால் ஆவது என்ன? இந்நான்கு வினாக்களையும் பழகிய மாணாக்கன் கைப்பேசியில் வரும் வதந்தியையும் அதே உரைகல்லில் உரைத்துப் பார்ப்பான். இன்று பத்திரிகை அதிபரை விட வலியவராய், எவருக்கு எச்செய்தியைக் காட்டுவது என்பதைக் கணினியாற் தீர்மானிக்கும் அயல்நாட்டு நிறுவனங்கள் வந்துவிட்டன. அவற்றுக்கு ஆசிரியர் பெயரும் இல்லை. நாம் சென்று முறையிடும் வாயிலும் எளிதில் இல்லை. எனவே பழைய வினாக்களின் தேவை கூடியிருக்கின்றதேயன்றிக் குறையவில்லை.

வினா எழுப்புவதோடு உரிமையையும் பயன்படுத்துதல் வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொது அதிகாரசபைகளிடம் எழுத்தில் வினவித் தகவல் பெறும் உரிமையைக் குடிமக்களுக்கு அளித்துள்ளது. கிராமத்துப் பாதைக்கு ஒதுக்கிய பணம் எங்கே சென்றது என்பதைப் பத்திரிகை எழுதும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஊரவரே எழுதிக் கேட்கலாம். ஊடகத்தின் வலிமைக்கு மாற்று, ஊடகத்தை வெறுத்தொதுக்குதல் அன்று. அறிந்துகொள்ளும் வழிகளைப் பெருக்குதலே மாற்று.

இவ்விடத்தில் சில நேயர்கள் ஒரு வினாவை மனத்திற்கொண்டிருப்பர். அரசின் ஊடகம் வேண்டாம், தனியாரிடமே யாவற்றையும் விட்டுவிடலாமா? அது விடையாகாது என்பதற்குப் பிரேசிலே சான்று. குளோபோ தனியார் நிறுவனமே. அவ்வாறாயின் யாவும் அரசிடமே இருக்கட்டும் எனலாமா? லேக் ஹவுஸின் வரலாறு அதற்கு மறுமொழி. உடைமை யாரிடம் என்பதைவிட, அவ்வுடைமையாளரைக் கேள்வி கேட்க வல்ல நிறுவனங்கள் நாட்டில் உள்ளனவா என்பதே உயிரான வினா. சட்டத்தினாற் காக்கப்பட்ட தன்னாட்சியுடைய பொது ஒலிபரப்பு, ஒருவரே பலவற்றைக் கைப்பற்றாதவாறு தடுக்கும் விதி, ஆசிரியரின் தீர்ப்பில் உடைமையாளர் தலையிடாத மரபு, தாக்கப்பட்டவர்க்கு மறுமொழி கூறும் உரிமை ஆகியவையே அவ்வலிமைக்குக் கடிவாளங்கள். 1994 இல் பிரேசிலின் அரசியல்வாதி லியோனல் பிரிசோலா, நீதிமன்றத்தின் ஆணையினால், தம்மைத் தாக்கிய அதே குளோபோ செய்தியறிக்கையிலேயே தம் மறுமொழி வாசிக்கப்படுமாறு செய்தார். தம்மை எதிர்க்கும் சொற்களை அறிவிப்பாளர் தாமே வாசிக்க வேண்டியதாயிற்று. சட்டம் விழித்திருந்தால் இத்தகையவும் இயலும்.

இவ்வுரையை உங்கள் செவிக்குக் கொண்டுவரும் வானொலியும் அரசுடைமையே என்பதை நான் மறந்தேனல்லேன். இவ்வுரையை ஆற்றுபவனும் அரசினர் பாடசாலையின் அதிபனே. அரசுடைமை என்பது ஆட்சியாளரின் உடைமை என்று பொருள்படாது; மக்களின் உடைமை என்றே பொருள்படும். வரியிறுக்கும் உழவரும் மீனவரும் பாற்காரரும் இதன் உடைமையாளர். உடைமையாளர் தம் பொருளைப் பற்றி வினவுவது துரோகம் ஆகாது, கடமையாகும். மாரி காலத்தில் முந்தனை ஆறு பெருகி வயலையும் வீதியையும் மூடும்போது, வெள்ளம் எவ்விடம்வரை வந்துள்ளது, எப்பாதை மூடப்பட்டுள்ளது என்னும் செய்தியை மக்கள் ஐயமின்றி நம்புதல் வேண்டும். 1978 நவம்பர் 23 ஆம் நாட் சூறாவளியைக் கண்ட முதியோர், நம்பத்தக்க ஒரு சொல்லின் பெறுமதியை அறிவர். அந்நம்பிக்கை வெள்ளத்தன்று திடீரென வருவதில்லை. வெயில் நாட்களிலும் உண்மையைச் சொல்லி வந்த வாயையே மக்கள் வெள்ள நாளில் நம்புவர். சாதாரண நாட்களில் ஆள்வோரைப் புகழ்வதற்கே பழகிய குரல் ஆபத்து நாளில் அழைக்கும்போது, மக்கள் வாசலிலே நின்று தயங்குவர். அத்தயக்கத்தின் விலை உயிராகவும் இருக்கலாம்.

செய்தியை ஆள்வோர் எந்நாட்டிலும் எக்காலத்திலும் இருப்பர். அவர்களை அறவே இல்லாமற் செய்தல் இயலாது. ஆனால் அவர்கள் யாவர் என்பதை அறிந்து, அவர்கள் கூறுவதை நிறுத்துப் பார்க்கும் மக்கள் இருக்குமிடத்தில், அவர்களும் தம் சொல்லை நிறுத்தே கூறுவர். நேயர்களே, நாளைக் காலையில் பத்திரிகையை விரிக்கும்போதும், மாலையில் வானொலியைத் திருப்பும்போதும், சொல்லப்பட்டதைக் கேளுங்கள். சொல்லாமல் விடப்பட்டது யாது என்பதையும் கேளுங்கள். அவ்விரண்டாம் வினாவை நம் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுவோமாயின், வாசிக்கக் கற்பித்தல் என்னும் நம் பணி நிறைவெய்தும்.